பொய் ஆஜர் இல்லாத ஒரு மாதம்

களமசேரி
8 ஜூலை 1996

அன்புள்ள சேச்சிக்கு,

கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு. கூட்டுறவு வங்கி வேலையை விட்டு நான் இங்கே நிர்வாகப் படிப்பு படிக்க வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. அதில் ஏழு மாதமாக நீ ஒரு வரி எழுதவில்லை. விஷுவுக்கு வந்தபோதும் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாய். உன் கோபம் நியாயம்தான். வங்கியில் மேசையும் மின்விசிறியும் மாதச் சம்பளமும் இருந்தன. இங்கே ஒரு ஹாஸ்டல் கட்டிலும் இரவல் கால்குலேட்டரும் இருக்கின்றன.

இப்போது ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன் என்று சொன்னால் நீ நம்பப் போவதில்லை.

கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொண்டு, அது ஒரு பெரிய செலவில் இறங்கலாமா கூடாதா என்று கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். கூடப் படிப்பவர்கள் கப்பல், ரப்பர், ஹோட்டல் என்று எடுத்திருக்கிறார்கள். நான் நம் அண்டி ஆபீஸை எடுத்தேன். வகுப்பில் "முந்திரி பதப்படுத்தும் தொழிற்சாலை" என்று பெரிய வார்த்தையில் சொன்னேன். ஏலியாம்மா டீச்சர், "அண்டி ஆபீஸ்னு சொல்ல என்ன வெக்கம்?" என்று கேட்டுவிட்டார்.

சின்ன முதலாளி ஜெயதேவனுக்கு எழுதினேன். அவரும் ஒத்துக்கொண்டார். முந்திரி வறுக்கும் கொட்டகையைப் பின்பக்கம் தள்ளிக் கட்டி, உயரமாக ஒரு புகைக்கூண்டும் புகையைத் தண்ணீரில் கழுவும் தொட்டியும் போட வேண்டும் என்பது அவர் ஆசை. பதினோரு லட்சம் ஆகுமாம். அவர் அப்பா, பெரிய முதலாளி, அசையவில்லை. "அச்சனுக்கு நான் சொல்றது காதுல விழாது, நம்பர் சொன்னா மட்டும் விழும்" என்று எழுதியிருக்கிறார். அந்த நம்பரை நான்தான் போட வேண்டும்.

உன்னிடம் கேட்பது இதுதான். வறுப்புக் கொட்டகையை ஒட்டி உட்கார்ந்து கொட்டை உடைக்கிறார்களே முதல் வரிசை, அந்த முப்பத்தாறு பேருடைய ஐந்து வருட ஆஜர் வேண்டும். ஒவ்வொருத்தியும் தினம் எவ்வளவு முழுப் பருப்பு, எவ்வளவு உடைசல் கொடுத்தாள் என்ற எடைத்தாளும் வேண்டும். ஆஜர் எழுதும் கிளார்க் நீயாக இருக்கும்போது நான் வேறு யாரைக் கேட்பேன்?

உன்
ஜலஜா


கிளிகொல்லூர்
19 ஜூலை 1996

ஜலஜாவுக்கு,

கிழிக்கவில்லை. ஸ்டாம்பு ஒட்டி வந்த காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு நமக்கு வசதி இல்லை.

நீ கேட்டவற்றை எட்டு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பிரதி எடுத்தேன். சின்ன முதலாளி என் மேசைக்கு வந்து, "விலாசினி, தங்கச்சி கேட்டதைக் கொடுத்துடு" என்றார். பதினோரு வருடத்தில் அவர் வீட்டிலிருந்து ஒருவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மேஸ்திரி முகம் புளித்துப்போனது.

முதல் வரிசை ஆஜர் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பார்த்துக்கொள். அப்படி ஒழுங்காக வேலைக்கு வருகிறவர்கள் நம் பெண்கள். அதற்கு மேல் அதில் தோண்டுவதற்கு எதுவும் கிடையாது.

பக்கத்து வீட்டுப் பங்கஜாட்சி உன்னைக் கேட்டாள். "வங்கியில மத்தவங்க பணத்தை எண்ணிக்கிட்டிருந்தா, இப்ப இல்லாத பணத்தை எண்ணப் படிக்கப் போயிருக்காளா?" என்றாள். முதல் வரிசையிலேயே முதல் கொட்டான் அவளுடையதுதான் என்பது உனக்குத் தெரியும். அந்த மரச்சுத்தியால் அவள் தட்டினால் ஓடு மட்டும் பிளக்கும், பருப்பில் கீறல் விழாது. இருமல்தான் கொஞ்சம் கூடுதல்.

ஹாஸ்டலில் மீன் போடுகிறார்களா? மெலிந்திருந்தாய். விஷுவன்று அடுக்களைக்குள் போனது கோபத்தில் இல்லை, மத்தி கருகிக்கொண்டிருந்தது. சரி, பாதி கோபமும்தான்.

விலாசினி


களமசேரி
12 ஆகஸ்ட் 1996

அன்புள்ள சேச்சிக்கு,

கணக்கு முடிந்தது. புகைக்கூண்டு தோற்றுவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன். பத்து வருடம் கழித்து வரும் ஒரு ரூபாய் இன்றைய ரூபாய்க்கு ஈடாகாது. இன்றைக்குப் பதினெட்டு சதவீத வட்டி இருக்கிறது. அந்த வீதத்தில் பின்னோக்கிக் கழித்தால் அந்த ஒரு ரூபாய் இன்றைக்குப் பத்தொன்பது காசுதான். அப்படி ஒவ்வொரு வருட வரவையும் குறைத்துக் கூட்டி, போட்ட பணத்தைவிட அதிகம் வந்தால் இறங்கலாம், குறைந்தால் கூடாது. தொட்டியில் படியும் முந்திரி ஓட்டெண்ணெயை விற்றால் கொஞ்சம் வரும், விறகு கொஞ்சம் மிஞ்சும். இரண்டும் சேர்ந்து பதினோரு லட்சத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

டீச்சர் என் தாளைப் புரட்டிவிட்டு, "புகையால வர்ற நோய்க்கு எவ்வளவு போட்டிருக்கே?" என்று கேட்டார். பூஜ்யம் என்றேன். ஆஜர் தொண்ணூற்றாறு இருக்கும்போது நோய் எங்கிருந்து வரும்? "நான் ஒருதடவை அந்தப் புகையில கால்மணி நேரம் நின்னேன். மூணு நாள் தொண்டை கட்டிடுச்சு. உங்க ஊர்ப் பொம்பளைங்க நெஞ்சுக்குள்ள என்ன வச்சிருக்காங்க?" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு எடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பங்கஜாட்சி சேச்சி பெயரில் ஒருநாள் நூற்றுக்கு எட்டு உடைசல். மறுநாள் முப்பது. அப்புறம் நான்கு நாள் எட்டு, ஒன்பது. மறுபடி இருபத்தெட்டு. அம்மை கொட்டை உடைத்த வீட்டில் வளர்ந்தவள் நான். கொட்டான் பிடிக்கும் கை ஒரே நாளில் இப்படி மாறாது. முதல் வரிசையில் இருபது பேருக்கு இதே கதை. சேச்சி, பங்கஜாட்சி சேச்சி குடிக்க ஆரம்பித்துவிட்டாளா என்ன?

வேடிக்கையாகத்தான் கேட்கிறேன். ஆனால் பதில் வேண்டும்.

ஜலஜா


கிளிகொல்லூர்
19 ஆகஸ்ட் 1996

ஓணத்துக்கு வருவாய் அல்லவா, நேரில் பேசிக்கொள்ளலாம். தபால் அட்டையில் எழுதுகிற விஷயம் இல்லை. வரும்போது ஆபீஸ் பக்கம் போகாதே. நேராக வீட்டுக்கு வா.

விலாசினி


களமசேரி
4 செப்டம்பர் 1996

விலாசினி சேச்சிக்கு,

ஓணத்துக்கு வந்துவிட்டு, உன்னிடம் சொல்லாமல் திரும்ப பஸ் ஏறியது தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆபீஸ் பக்கம் போகாதே என்று நீ எழுதியதால்தான் போனேன். முதல் வரிசையில் பங்கஜாட்சி சேச்சியின் இடத்தில் அவளுடைய நாத்தனார் ரமணி உட்கார்ந்திருந்தாள். நீ ஆஜர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "பங்கஜாட்சி" என்று கூப்பிட்டாய். ரமணி தலையைத் தூக்காமலே "இருக்கேன்" என்றாள். நீயும் முகம் மாறாமல் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனாய். தூணுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். பங்கஜாட்சி சேச்சியோ வீட்டுத் தாழ்வாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் அவளுக்குச் சுடுதண்ணீர் கொடுத்ததே நான்தான்.

அந்த முப்பது உடைசல் ரமணியின் கை. எட்டு பங்கஜாட்சியின் கை. தொண்ணூற்றாறு என்பது உன் கை.

எனக்கு ஐந்து வருடப் பொய்யைப் பிரதி எடுத்து அனுப்பினாய். அதை நம்பி நான் வகுப்பில் எழுந்து நின்று, நோய்க்குப் பூஜ்யம் என்று சொன்னேன். உன்னிடம் கேட்டதற்கு, "நீ படிச்சது போதும்" என்று கத்தினாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். அதை இங்கே மறுபடி எழுத மாட்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். உண்மையில் யார் வந்தார்கள், யாருக்குப் பதில் யார் உட்கார்ந்தார்கள் என்று கூலியைப் பிரித்துக் கொடுப்பதற்காக நீ ஒரு சிவப்பு நோட்டு வைத்திருக்கிறாயே, நீ குளிக்கப் போனபோது அதில் பன்னிரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கங்களைச் சேர்த்தால் கணக்கு தலைகீழாக மாறுகிறது. வராத நாள், புது ஆள் உடைத்த பருப்பு, உடைசலுக்கு விலை குறைவதால் வந்த நஷ்டம் எல்லாம் இத்தனை நாளாகக் கம்பெனியின் பையிலிருந்தே போய்க்கொண்டிருக்கிறது, ஏன் என்று தெரியாமல். இதைக் காட்டினால் புகைக்கூண்டு எழும்பும். காட்டட்டுமா?

ஜலஜா


கிளிகொல்லூர்
13 செப்டம்பர் 1996

ஜலஜே,

காட்டு. காட்டிவிட்டு வந்து முப்பத்தாறு வீட்டு வாசலிலும் நின்று, என்ன செய்தாய் என்று நீயே சொல்லிவிட்டுப் போ.

நோட்டைத் திருடினாய் என்பதைக்கூட விடுகிறேன். நான் குளித்துக்கொண்டிருக்கும்போது எடுத்தாய் பார், அதுதான் என்னை அறுக்கிறது. சின்ன வயதில் என் வளையலைக் கேட்டு வாங்கித்தான் போடுவாய்.

கேள். உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்தால் ஈ.எஸ்.ஐ.யில் பாதிக் கூலி தருவார்கள். அதற்கு டாக்டர் சீட்டு வாங்க ஒருநாள் வரிசை, அதைக் கொடுக்க ஒருநாள் வரிசை. அந்த நாள்கள் நம் கம்பெனியில் ஓணப் போனஸுக்குக் கணக்கில் சேராது. டிசம்பர் முடிவில் நாள் குறைந்தால் போனஸே கிடையாது. அந்தப் போனஸில்தான் பிள்ளைகளுக்குப் புத்தகம், கூரைக்கு ஓலை, எல்லாம். முதல் தடவை பங்கஜாட்சி இருமி இருமி மயங்கி விழுந்த வாரம், ரமணி வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தாள். நான் பார்த்தேன். பெயரைக் கூப்பிட்டேன். கோடு போட்டேன். நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று உன் புத்தகத்தில் இருந்தால் எழுதி அனுப்பு.

நோய்க்குப் பூஜ்யம் என்று நீ போட்டது என் பொய்யால் என்கிறாய். இல்லை. அந்தச் செலவு இருந்தது, ஜலஜே. நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தோம். ரமணி தன் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்காருவாள், அன்றைய கூலியில் பாதி அவளுக்கு, பாதி பங்கஜாட்சியின் மருந்துக்கு. கம்பெனி கொடுக்காததால் உன் தாளில் அது தெரியவில்லை.

பத்து வருடம் கழித்து வரும் ரூபாய் பத்தொன்பது காசு என்று எழுதியிருந்தாய். பத்து வருடம் கழித்து வரும் இருமலையும் அப்படித்தான் குறைப்பீர்களா? டீச்சரைக் கேட்டுச் சொல்.

அந்தப் பன்னிரண்டு பக்கம் சின்ன முதலாளி கையில் கிடைத்தால் என் வேலை போகும். அது போகட்டும். கள்ள ஆஜர் என்று சொல்லி அந்த இருபது பேரையும் வெளியே நிறுத்துவார்கள், கிராஜுவிட்டி இல்லாமல். பங்கஜாட்சிக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். நீ யோசித்துக்கொள்.

விலாசினி


களமசேரி
6 அக்டோபர் 1996

அன்புள்ள சேச்சிக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் எழுதத் தைரியம் வரவில்லை.

இருமல் கேள்வியை டீச்சரிடம் கேட்டேன், யார் கேட்டது என்று சொல்லாமல்.  "இருபது வருஷமா இந்தப் பாடத்தை எடுக்கறேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை" என்றார். கேள்வியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். 

சின்ன முதலாளியிடமிருந்து தந்தி மாதிரி ஒரு கடிதம் வந்தது. அறிக்கை டிசம்பரில் வேண்டும். கணக்குக் கட்டுப்படியாகவில்லை என்று வந்தால், பெரிய முதலாளி அந்தப் பணத்தில் இப்போதிருக்கும் கொட்டகையிலேயே இன்னும் இரண்டு வறுப்பு உருளை போட்டு இரண்டாவது வரிசையையும் பக்கத்தில் கொண்டுவரப் போகிறாராம். ஆக நான் தோற்ற கணக்கையே கொடுத்தால் புகை இரட்டிப்பாகும். உண்மைக் கணக்கைக் கொடுத்தால் இருபது பேருக்கு வேலை போகும். நோட்டை மறைத்து எண்ணை மட்டும் போடலாம் என்றால், ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கீழே எழுதாத தாளை டீச்சர் தொடக்கூட மாட்டார். அவர் சொல்வது சரிதான். ஆதாரம் இல்லாத எண்ணைப் பெரிய முதலாளி ஒரு நிமிடத்தில் ஊதிவிடுவார்.

நாளெல்லாம் யோசித்தும் எனக்கு வழி தெரியவில்லை. இந்தப் படிப்பில் எனக்கு வரும் என்று நினைத்தது இதுதான், வழி சொல்வது. அது வரவில்லை என்பதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

பன்னிரண்டு பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். வேறு பிரதி கிடையாது. நீ சொன்ன வளையல் எனக்கும் நினைவிருக்கிறது. கேட்டிருக்க வேண்டும்.

ஜலஜா


கிளிகொல்லூர்
30 அக்டோபர் 1996

அன்புள்ள ஜலஜாவுக்கு,

நீ அனுப்பிய பக்கங்களை அடுப்பில் போட எடுத்துக்கொண்டு போனேன். போடவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் முதல் வரிசைக்குப் போய், மேஸ்திரி டீ குடிக்கப் போன சமயம் பார்த்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். உன் கணக்கு, சின்ன முதலாளியின் ஆசை, பெரிய முதலாளியின் இரண்டு உருளை, நடுவில் நாம் மாட்டிக்கொண்டிருப்பது, எல்லாம்.

முதலில் சண்டைதான். சாரதாமணி, "படிச்ச பொண்ணுக்கு மார்க் வேணும், அதுக்கு நம்ம சோத்துல மண்ணா?" என்றாள். அவளைத் திட்டாதே, அவளுக்கு நான்கு பெண்கள். ரமணி அழுதாள். அப்போது பங்கஜாட்சி கொட்டானைக் கீழே வைத்துவிட்டு, "பழைய ஆஜரைத் தொட வேண்டாம். புதுசா ஒரு மாசம் நெசமா எழுதினா போதுமா? கேட்டு எழுது" என்றாள். பிறகு அவளே, "கேக்க என்ன இருக்கு, போதும்" என்றாள்.

அதுதான் முடிவு. நவம்பர் முழுவதும் யாரும் யார் இடத்திலும் உட்காரப் போவதில்லை. முடியாதவள் வீட்டில் இருப்பாள். நான் இல்லை என்றால் இல்லை என்றுதான் எழுதுவேன். கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் சமயம் என்பதால் காலி இடத்தில் மேஸ்திரியே தோல் உரிக்கும் பெண்களைக் கொண்டுவந்து உட்காரவைப்பான். அவர்கள் பெயரிலேயே எடை பதிவாகும். திருட்டும் இல்லை, நோட்டும் இல்லை. எல்லாம் கம்பெனியின் சொந்தக் காகிதம்.

கூலி போகும். சிலருக்குப் போனஸ் நாளும் இடிக்கும். தெரிந்துதான் சொல்கிறார்கள். சாரதாமணி கடைசியில், "ஒரு மாசம்தான், அதுக்கு மேல ஒரு நாள் கேட்டா அவ கொட்டகைக்கே வரக்கூடாது" என்றாள். உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

துலா மாத மழை பிடித்துவிட்டது. புகை மேலே போகாமல் தரையிலேயே உருளுகிறது.

விலாசினி


கிளிகொல்லூர்
2 டிசம்பர் 1996

ஜலஜா,

நவம்பர் ஆஜரும் எடைத்தாளும் இத்துடன். முப்பத்தாறு பேருக்கு இருபத்து நான்கு வேலை நாள், ஆக எண்ணூற்று அறுபத்து நான்கில் இருநூற்று மூன்று "இல்லை". மேஸ்திரி தினமும் வந்து, "என்ன விலாசினி, பூரா ஊருக்கும் சேர்த்து சீக்கு வந்திருக்கு?" என்று கேட்டான். மழை சார் என்றேன். பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் பதில் வராமல் நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பதினான்கு பெயருக்குப் பதில் இல்லை.

நன்றாகச் செய். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

விலாசினி


களமசேரி
20 டிசம்பர் 1996

அன்புள்ள சேச்சிக்கு,

நேற்று கம்பெனியின் எர்ணாகுளம் ஆபீஸில் இரண்டு முதலாளிகளுக்கும் முன்னால் அறிக்கையை வைத்தேன். டீச்சரும் வந்திருந்தார். நான் உன் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனேன், அந்த நீலக்கரை.

நவம்பர் மழை மாதம், எல்லா மாதமும் இப்படி இராது என்பதால் வராத நாளைப் பாதியாகக் குறைத்தே கணக்குப் போட்டேன். பாதியிலும் நிற்கிறது. எட்டாவது வருடத்தில் பதினோரு லட்சமும் வட்டியோடு திரும்பிவிடுகிறது. பழைய ஆஜரைப் பற்றி ஒரே வரிதான்: "முந்தைய ஆண்டுகளின் ஆஜர் இந்தக் கணிப்புக்குப் பயன்படவில்லை." டீச்சர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

 சின்ன முதலாளிதான் முதலில் கேட்டார், நம் பக்கம் நிற்பார் என்று நான் நம்பிய ஆள். "ஜலஜா, எல்லா வழியையும் பாக்கணுமில்ல? கொட்டகையை மாத்தறதுக்குப் பதிலா இந்த முப்பத்தாறு பேரை மாத்திட்டா என்ன? ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை புது ஆளுங்க. அதுக்குச் செலவே இல்லையே."

 அந்தக் கேள்வி எனக்கு முன்பே வந்திருந்தது, சேச்சி. எங்கள் பாடமே அதைத்தான் கேட்கச் சொல்கிறது. பயத்தில் அதை எழுதாமல் விட்டிருந்தேன். நவம்பர் எடைத்தாளை எடுத்து மேசையில் விரித்தேன். "சார், இந்தப் பக்கம் பழைய ஆளுங்க. நூத்துக்கு ஒம்பது உடைசல். இந்தப் பக்கம் மேஸ்திரி கொண்டுவந்து உக்காரவச்ச புது ஆளுங்க. இருபத்தேழு. புது ஆளுக்குச் செலவு இல்லைன்னு சொல்றீங்க. செலவு இதோ இருக்கு, உங்க தாள்லயே" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

பெரிய முதலாளி அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். "கொட்டான் பிடிக்க நாலு வருஷம் ஆகும்டா. எங்க அம்மைக்கு அஞ்சு ஆச்சு" என்றார் மகனிடம். பிறகு என்னைப் பார்த்து, "கட்டச் சொல்லு" என்றார்.

ஒன்றை மட்டும் அடித்துவிட்டார். நவம்பரில் நோயால் வராத நாள்களைப் போனஸுக்குச் சேர்க்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி வைத்திருந்தேன். "சீக்குக்கு ஆஜர் போட்டா நாளைக்கு எல்லாருக்கும் சீக்கு வரும்" என்று சொல்லிப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். நான் இன்னும் வாதாடியிருக்க வேண்டும். கட்டச் சொல்லு என்ற வார்த்தை திரும்பிப் போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். 

எல்லோரிடமும் சொல். சாரதாமணி சேச்சியிடம் முதலில் சொல்.

ஜலஜா


கிளிகொல்லூர்
11 ஜனவரி 1997

அன்புள்ள ஜலஜாவுக்கு,

பின்பக்கம் வாழையை வெட்டிவிட்டு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். விஷுவுக்குள் கொட்டகை மாறிவிடுமாம். சாரதாமணி தினம் போய்க் குழி எவ்வளவு ஆழம் என்று பார்த்துவிட்டு வந்து, உன்னை ஏதாவது ஒன்று திட்டுகிறாள். இப்போதெல்லாம் பாசமாகத்தான்.

டிசம்பரில் மூன்று பேர் பழைய வழிக்குப் போனார்கள். நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன். உன்னிடம் மறைப்பதற்கில்லை.

முப்பத்தொன்றாம் தேதி வருடக் கணக்கை முடிக்க உட்கார்ந்தேன். முதல் வரிசையில் முப்பத்தைந்து பேர் தப்பிவிட்டார்கள். பங்கஜாட்சிக்கு நான்கு நாள் குறைந்தது. நான்கே நாள். நவம்பர் பக்கத்தில் நான்கு இடத்தில் "இல்லை" என்பதை "உண்டு" ஆக்கினால் முடிந்தது. மேஸ்திரி அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கப் போவதே இல்லை. மை காய்ந்த எழுத்தை எப்படிச் சுரண்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிளேடைக் கையில் எடுத்துவிட்டேன்.

பங்கஜாட்சி கூலி வாங்க வந்தவள், ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "என்ன பண்றே?" என்றாள். சொன்னேன்.

"வேண்டாம்" என்றாள். "ஜலஜா அத்தனை பேர் முன்னால நின்னு இந்தத் தாளை விரிச்சுக் காட்டியிருக்கா. பத்தொன்பது வருஷத்துல இந்த ஒரு மாசம்தான் நம்மளைப் பத்தி நெசமா எழுதியிருக்கு. எனக்காக அதைக் கெடுக்காத."

"நாலு நாளுடி, போனஸ் முழுசும் போயிடும்" என்றேன்.

"தெரியும். நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

பிளேடை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். அவள் கூலியை எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். கேட் வரைக்கும் போய்த்தான் இருமினாள். நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன், அம்மை செத்த அன்றைக்குப் பிறகு இப்போதுதான்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை மீறித்தான் எழுதுகிறேன். சின்ன முதலாளி உனக்கு வேலை தரப்போவதாக இங்கே பேச்சு. வந்தால், அந்த எர்ணாகுளம் ஆபீஸில் உட்கார்ந்து பெரிய பெரிய எண்ணெல்லாம் கூட்டிக் கழிப்பாய். பதினோரு லட்சம் போட்டது முதலாளி என்றுதான் எல்லாத் தாளிலும் இருக்கும். முதலில் போட்டது யார் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன்
விலாசினி சேச்சி